கரடி கையெழுத்துப் போடாது!

"வீ...ல்!"

அலறல் தெருமுனை வரை கேட்டது.

காலை மணி ஒன்பது நாற்பது.

எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. யாரோ ஒருவர் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

அந்த வீட்டுக் கூடத்தில், இரும்பு மாடிப்படியின் அடியில், ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

வயது நாற்பத்தாறு. கோடு போட்ட பைஜாமா. ஒரு காலில் செருப்பு. இன்னொரு செருப்பு ஒன்பதாவது படியில்.

பின்மண்டையிலிருந்து கிளம்பிய ரத்தம், தரைக்கற்களின் இடுக்கு வழியே நேர்கோடு போட்டு, வாசல் மிதியடி வரை வந்து நின்றிருந்தது.

அலறியவள் அவருடைய மனைவி. கையில் கண்ணாடிக் கடைப் பை. மூக்கில் அப்போதுதான் ஃபிரேம் மாற்றி வாங்கிய கண்ணாடி.

அந்தக் கண்ணாடி வழியே அவள் முதலில் தெளிவாகப் பார்த்தது... இதைத்தான்!

இருபதாவது நிமிடம் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

பெண் இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தொட்ட வயது. சிரித்துப் பல வருஷம் ஆன முகம். பின்னாலேயே தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏட்டு.

இன்ஸ்பெக்டர் குனிந்து பிணத்தின் கழுத்தைப் பார்த்தாள். பின்கழுத்தில் சிவப்பாக, மெல்லிசாக ஒரு கோடு.

"ஏட்டய்யா, படியில உருண்டு விழுந்தா கழுத்துல கோடு விழுமா?"

"விழாதுங்க மேடம்."

"அப்ப இது விபத்து இல்ல. எதையோ வெடுக்குன்னு இழுத்து அறுத்திருக்காங்க." நிமிர்ந்தாள். "இவர் கழுத்துல என்ன போட்டிருப்பார்?"

மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது.

பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"கறுப்புக் கயிறு மேடம்! அதுல ஒரு பென் டிரைவ். அது சும்மா பென் டிரைவ் இல்ல... கையெழுத்துச் சாவி!"

சொன்னவன் செத்தவரின் தம்பி. முப்பத்தெட்டு வயது. சட்டை முழுக்கக் கண்ணீர். மேல் மாடியில் தனியாகக் குடியிருப்பவன். வெளிப்பக்கமாக அவனுக்குத் தனிப் படிக்கட்டு.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல, என் ரூம்ல. காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆபீஸ் மீட்டிங் கேட்டுக்கிட்டிருந்தேன். அண்ணி கத்தின கத்துல ஓடி வந்தேன்... அண்ணா! எந்திரிண்ணா!"

மறுபடி பிணத்தின் மேல் விழப் போனவனை ஏட்டு இழுத்துப் பிடித்தார்.

இன்ஸ்பெக்டர் முதல் மாடிக்கு ஏறினாள். செத்தவரின் வேலை அறை. பெரிய மேஜை. சுவர் முழுக்க ஃபோட்டோக்கள். எல்லாவற்றிலும் அவரே மேடையில் மைக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார். மேஜையில் சார்ஜர் வயர் மட்டும் தொங்கியது.

லேப்டாப் காணோம்!

கீழே வந்தாள்.

"நீங்க எப்ப வெளிய போனீங்க?"

மனைவி முதல் தடவையாகப் பேசினாள். பூனைக்குட்டிக் குரல்.

"எட்டரைக்கு... கண்ணாடி உடைஞ்சிருந்தது. அதில்லாம என்னால வேலை பாக்க முடியாது."

"என்ன வேலை?"

"வீட்லயிருந்தே... பிழை திருத்தறது."

"புத்தகக் கம்பெனிக்கு மேடம்" என்றான் தம்பி. "அண்ணிக்கு உலகமே தெரியாது. அடுப்பு, பேப்பர் கட்டு... அவ்வளவுதான். கேக்க வேண்டியதை என்கிட்ட கேளுங்க."

"சரி, நீங்களே சொல்லுங்க. உங்கண்ணன் யாரு? அவரைக் கொல்ற அளவுக்கு என்ன பண்ணினார்?"

தம்பி மூக்கை உறிஞ்சினான்.

"உலகத்துல அண்ணன் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா 'கரடி'ன்னு சொன்னா கம்ப்யூட்டர் தெரிஞ்ச எவனும் எந்திரிச்சு நிப்பான். 'தேனடை'ன்னு ஒரு மென்பொருள் மேடம். ஆயிரம் கம்ப்யூட்டரை ஒண்ணா கோத்து, ஒரே பெரிய கம்ப்யூட்டர் மாதிரி வேலை வாங்கும். மேகக் கணினின்னு சொல்றாங்களே... அதோட முதுகெலும்பு. ஆஸ்பத்திரி, ரயில், தண்ணி வாரியம்... எல்லாம் இதுலதான் ஓடுது."

"என்ன விலை?"

"இலவசம்!"

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "இலவசமா?"

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் படிக்கலாம். தப்பு இருந்தா திருத்தி அனுப்பலாம். ஆனா அந்தத் திருத்தம் உள்ள போகணும்னா கரடி படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். கம்ப்யூட்டர் கையெழுத்து. அதுக்குத்தான் அந்தச் சாவி."

"எங்க அடுக்குமாடி தண்ணித் தொட்டி கதைதான்" என்றார் ஏட்டு. "நாப்பது வீடும் குளிக்கும். மேல ஏறிக் கழுவுறது நான் ஒருத்தன்."

"யோவ்!" என்றாள் இன்ஸ்பெக்டர். ஏட்டு வாயை மூடினார். "அப்ப சாவி கிடைச்சவன் என்ன வேணும்னாலும் உள்ள நுழைக்கலாம்?"

"ஆமா மேடம். வாராவாரம் இந்த நாள் ரெண்டு மணிக்குப் புது வெளியீடு போகும். உலகம் பூரா தானா ஏறிக்கும். இன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு!"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து இருபத்தைந்து.

"எதிரிங்க யாராவது?"

தம்பி கசப்பாகச் சிரித்தான்.

"எதிரி இல்லாதவன் எவன்னு கேளுங்க!"

போனை எடுத்து நீட்டினான். திருத்தம் அனுப்பியவர்களுக்குக் கரடி பகிரங்கமாக எழுதிய பதில்கள். ஏட்டு வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'உன் திருத்தத்தைப் படித்தேன். இப்போது என் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.' ...ம்ம். 'நீ எழுதியது ஓடுகிறது என்கிறாய். திருடனும்தான் ஓடுகிறான்.' ...அடேங்கப்பா! 'இதை எழுதிய நேரத்தில் நீ தூங்கியிருந்தால் உலகம் உனக்கு நன்றி சொல்லியிருக்கும்.'"

"போதும்யா. இப்படி எழுதினா நானே கொன்னிருப்பேன்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒருத்தன் இருக்கான் மேடம்" தம்பியின் குரல் தாழ்ந்தது. "தாடின்னு பேரு. இந்த ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் இன்ஜினியர். போன வாரம் அண்ணன் அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டார். அதுக்கு அவன் எழுதினதைப் பாருங்க."

ஏட்டு படித்தார்.

"'கரடி! ஒருநாள் வீடு தேடி வந்து மிதிப்பேன்!'"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"ஏட்டய்யா, நீங்க இங்கயே இருங்க. அந்தம்மாவைத் தனியா விடாதீங்க. நான் தாடியை இழுத்துக்கிட்டு வர்றேன்."

ஜீப்பில் ஏறும்போது தம்பி ஓடிவந்தான்.

"மேடம், ஒரு விஷயம். கரடி இல்லைன்னு ஆனா, தேனடையோட பொறுப்பு நான் வேலை பாக்கற கம்பெனிக்கு வரணும்கறது விதி. மெஷின் எல்லாம் தர்றது நாங்கதான். அண்ணன் காலமான செய்தியைப் போட்டுட்டு நானே பொறுப்பை எடுத்துக்கட்டுமா? ரெண்டு மணி வெளியீடு நின்னா அண்ணன் உழைப்பு வீணாப் போயிடும்."

இன்ஸ்பெக்டரின் முகம் லேசாக இளகியது.

"செய்ங்க. உங்களை மாதிரி தம்பி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

ஆஸ்பத்திரியின் அடித்தளம். ஜன்னலே இல்லாத அறை. ஏ.சி. இரைச்சல். தாடி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது நாலு போலீஸ்காரர்கள் சூழ்ந்தார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவன் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தான். தாடிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது.

"காலைல எட்டரையிலேயிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும் எங்கடா இருந்த?"

"ஆஸ்பத்திரியிலதான். கேமராவைப் பாருங்க. எதுக்கு என்னைப் புடிச்சிருக்கீங்க?"

"கரடியைக் கொன்னதுக்கு!"

தாடியின் வாய் திறந்தபடியே நின்றது.

"கரடி... செத்துட்டானா?"

"நடிக்காத! வீடு தேடி வந்து மிதிப்பேன்னு எழுதினது நீதானே?"

"நான்தான்! எழுதினேன்!" தாடி கத்தினான். கண்ணில் நீர் முட்டியது. "அவன் என்னை மாட்டுக்குப் பொறந்தவனேங்கற அளவுக்குத் திட்டினான், நான் மிதிப்பேன்னேன். எங்களுக்குள்ள அது நல்லாருக்கியான்னு கேக்கற மாதிரி மேடம்! போன மாசம் எங்க ஆஸ்பத்திரியில ரத்த வகை கலந்து காட்டுச்சு. கரடிக்கு எழுதினேன். பதினோராவது நிமிஷம் பதில் வந்துச்சு. மொத ரெண்டு வரி என்னைத் திட்டினான். மூணாவது வரியில திருத்தம் இருந்துச்சு. அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர்ல ஆறு பேரு. அத்தனை பேரும் உசுரோட வீட்டுக்குப் போனாங்க. அவனைப் போய் நான் கொல்வேனா?"

மேஜை மேல் ஆஸ்பத்திரிக் கேமராப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தாடி காலை எட்டிலிருந்து அந்த அறையை விட்டு அசையவே இல்லை.

அப்போது...

டிங்!

தாடியின் போன். இன்ஸ்பெக்டரின் மேஜையில் இருந்தது. திரையில் ஒரு வரி ஒளிர்ந்தது.

தாடி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் பெஞ்சோடு பின்னால் சாய்ந்தான்.

"மே... மேடம்..."

"என்னடா?"

"கரடி எழுதியிருக்கான்!"

"எப்ப எழுதினது?"

"இப்ப! ஒண்ணு பன்னெண்டுக்கு!"

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினாள். பிணம் சவக்கிடங்குக்குப் போய் ரெண்டு மணி நேரம் ஆகிறது. வண்டியில் ஏற்றியதற்கு அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்!

"படிடா!"

"'நான் சாகவில்லை. பொறுப்பை யாருக்கும் தரவில்லை. மின்மினி என்ற பெயரில் வந்த ஏழாவது திருத்தமும் மறுக்கப்படுகிறது. இது திருத்தம் அல்ல. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் கள்ள வாசல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இது உள்ளே போனால் ஆஸ்பத்திரிகளை வெளியிலிருந்து பூட்டிவிடலாம்...' அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் திட்டு மேடம். பொம்பளைங்க முன்னாடி படிக்கற மாதிரி இல்ல."

"நான் போலீஸ்டா. படி."

தாடி படித்தான். லாக்கப்பில் இருந்த பிக்பாக்கெட் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் மேடம்" தாடி மெதுவாகச் சொன்னான். "இது கரடிதான். இந்தக் கண்ணுதான் அந்த வரியைப் பிடிக்கும். கையெழுத்தும் சரியா இருக்கு. ஆனா வழக்கமா திட்டுல ஒரு அளவு இருக்கும். இன்னைக்கு அந்த அளவு இல்ல..."

இன்ஸ்பெக்டர் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

செத்தவரால் எழுத முடியாது. சாவியைத் திருடியவன் எழுதியிருந்தால் கதவைத் திறந்து விட்டிருப்பான். ஆனால் இந்த ஆள் கதவைச் சாத்துகிறான்!

யார்?

அவளுடைய போன் அலறியது. தம்பி.

"மேடம்! பார்த்தீங்களா? அண்ணன் பேர்ல எவனோ எழுதறான்! சாவி அவன்கிட்ட இருக்கு! அவன்தான் கொலைகாரன்! மணி ஒண்ணேகால் ஆச்சு... உடனே புடிங்க!"

வைத்ததும் மறுபடி அலறியது. ஏட்டு. ரகசியக் குரல்.

"மேடம்... இந்தம்மா வந்ததுலயிருந்து அழுதுக்கிட்டே துணி தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. பாவம், மனசு ஆறட்டும்னு விட்டுட்டேன். இப்பத்தான் பார்த்தேன்... இஸ்திரி சூடாவே இல்ல! துணிக்கு அடியில ஒரு லேப்டாப் மேடம்! படபடன்னு அடிச்சுக்கிட்டிருக்காங்க!"

"அடிப்பாவி!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஜீப் சிவப்பு விளக்குகளை மதிக்கவில்லை.

ஒன்று முப்பத்தைந்து. தம்பி அவளுக்கு முன்பே கூடத்தில் நின்றிருந்தான். ஏட்டு சொல்லிவிட்டார் போல. முகம் கொதித்தது.

"அண்ணியா? நீங்களா அண்ணி? கட்டின புருஷனை..."

"நகருங்க" என்றாள் இன்ஸ்பெக்டர்.

பின்னறை. இஸ்திரி மேஜை. மடிக்காத போர்வையின் அடியில் பழைய லேப்டாப். ஒரு மூலையில் ஒட்டுப்போட்டிருந்தது. மனைவி எழுந்து நின்றாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது.

"ஒண்ணு பன்னெண்டுக்கு எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"புருஷன் பொணம் இன்னும் சூடு ஆறல. அவர் பேர்ல உக்காந்து டைப் அடிக்கிறீங்க! அந்தச் சாவி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

மனைவி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பூனைக்குட்டிக் குரலிலேயே சொன்னாள்.

"நான்தான் எடுத்தேன் மேடம்."

"எங்கயிருந்து?"

"அவர் கழுத்துலயிருந்து. கயித்தை அறுத்து எடுத்தேன். அதை வச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொய்!"

கத்தியது தம்பி.

"பொய் சொல்றாங்க மேடம்! அதை வச்சுக் கையெழுத்தே போட முடியாது! அதுல சாவியே இல்ல! வெறும் மேடை ஃபோட்டோ... நாப்பது ஃபோட்டோ..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் மிக நிதானமாகத் திரும்பினாள்.

"நாப்பது ஃபோட்டோ. எண்ணியே பார்த்துட்டியா தம்பி?"

"இல்ல... அண்ணன் சொல்லியிருக்கார்... முந்தி..."

"காலைல 'கையெழுத்துச் சாவி'ன்னு சத்தியம் பண்ணினியே? அப்ப சொல்லலையா? பத்தரைக்குச் சாவியா இருந்தது ஒன்றரைக்கு ஃபோட்டோவா எப்படி மாறுச்சு? நடுவுல போட்டுப் பார்த்தவனுக்குத்தானே தெரியும்!"

தம்பி கதவை நோக்கிப் பாய்ந்தான்.

ஏட்டு ஓடவில்லை. வெறுமனே கதவை அடைத்துக்கொண்டு நின்றார். தொப்பையில் மோதிய தம்பி இஸ்திரி மேஜையடியில் போய் விழுந்தான்.

பத்தே நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் இறங்கி வந்தார். கையில் செத்தவரின் லேப்டாப். அறுந்த கறுப்புக் கயிறு. தம்பியின் கம்ப்யூட்டரில் 'மின்மினி' கணக்கு இன்னும் திறந்தே இருந்தது.

"ஆக, நீதான் மின்மினி" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஒரு விஷயம்தான் புரியல. உங்கண்ணன் சாவி டுபாக்கூர். உங்கண்ணன் செத்தாச்சு. அப்ப கரடி யாரு?"

"நான்."

குரல் மாறியிருந்தது. பூனைக்குட்டி போய்விட்டது.

மனைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டாள்.

"தேனடையோட மொத வரியிலேயிருந்து நான்தான் மேடம். ஒன்பது வருஷம். அவருக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. அவர் லேப்டாப்ல இருக்கறது சீட்டாட்டம். ஆனா அவருக்கு மேடைன்னா உசுரு. எனக்கு மனுஷங்கன்னாலே அலர்ஜி. நான் எழுதிக் குடுப்பேன். அவர் ஊர் ஊராப் போய்ப் பேசிட்டு வருவார். நான் இந்த மேஜையில நிம்மதியா வேலை பார்ப்பேன். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தது."

"காலைலயே ஏன் சொல்லல?"

"அந்தக் கயித்துல சாவி இருக்குன்னு அவர் பெருமைக்குச் சொன்ன ஒரே ஆளு இவன். காலைல இவன் 'கையெழுத்துச் சாவி'ன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா சந்தேகம் எதுக்கு உதவும்? ஓட்டிப் பார்க்காம நான் எதையும் ஏத்துக்கறதில்ல. கரடி உசுரோட இருக்குன்னு காட்டி, சாவியை நான்தான் எடுத்தேன்னு பொய் சொன்னா இவன் தானா வாயைத் திறப்பான்னு நினைச்சேன்."

தரையில் கிடந்தவனின் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா? உனக்கு அவர் என்னடா பண்ணினார்?"

தம்பியின் முகம் கோணியது. பல்லைக் கடித்தபடி துப்பினான்.

"ஆறு தடவை! ஆறு தடவை ஊர் சிரிக்கத் திட்டினான்! 'மின்மினிக்குப் பின்பக்கம் மட்டும்தான் வெளிச்சம்'னு எழுதினான்... அண்ணன்தான் எழுதினான்னு நினைச்சேன். கூடப் பொறந்தவனே இப்படி எழுதறானேன்னு வெறி. அப்பத்தான் அந்தக் கும்பல் வந்துச்சு. ஆஸ்பத்திரியைப் பூட்டிப் பணம் பறிக்கற கும்பல். வாசல் திறந்து குடுக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். இந்த வாரம் முடியலைன்னா என்னையே முடிச்சுடுவோம்னாங்க. அண்ணன்கிட்ட சாவியைக் கேட்டேன். 'என்கிட்ட இல்லடா, சத்தியமா இல்லடா'ன்னான். படி உச்சியில நின்னுக்கிட்டுச் சிரிச்சான். கேலி பண்றான்னு நினைச்சேன். தள்ளினேன்!"

"உடனே செத்துட்டாரா?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

தம்பி தலையைக் குனிந்தான்.

"இல்ல... தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தியா?"

"...கயித்தை அறுத்துக்கிட்டு மேல போயிட்டேன்."

மனைவி அவனையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்ன பண்றீங்க?" இன்ஸ்பெக்டர் பதறினாள்.

"மணி ஒண்ணு அம்பத்தெட்டு. ரெண்டு மணிக்கு வெளியீடு."

"இப்பவா?"

"நாங்க செத்தா துக்கம். தேனடை நின்னா ஊருக்கே சாவு. தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது."

விரல்கள் ஓடின. இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி இல்லாத, சுத்தமான வெளியீடு. இரண்டு மணிக்குக் கரடியின் கையெழுத்து விழுந்தது.

ஸ்டேஷனில் தாடியின் போன் டிங் என்றது. அவன் வாய்விட்டு அழுதான். ஏன் என்று கான்ஸ்டபிளுக்குப் புரியவில்லை.

"தாடின்னு ஒருத்தன் சொன்னான்" இன்ஸ்பெக்டர் தயங்கிக் கேட்டாள். "இன்னைக்குத் திட்டு ரொம்ப அதிகம்னான். ஏன்?"

மனைவி லேப்டாப்பை மூடினாள்.

"நான் எழுதறதை எல்லாம் அவர் ஒரு தடவை படிப்பார் மேடம். 'பாவம்டீ, அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்'னு சொல்லி, நாலு கெட்ட வார்த்தையை எடுத்துட்டுத்தான் அனுப்புவார்."

குரல் உடைந்தது.

"இன்னைக்கு எடுக்க ஆள் இல்ல."

மடிக்காத போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஏட்டு மெல்ல வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

மாலை ஐந்து மணி. ஸ்டேஷன்.

பிணத்தைப் பெற்றுக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட அவள் வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. முதுகு நேராக இருந்தது.

"உக்காருங்கம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். காலையில் இல்லாத மரியாதை. "அவன் வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டான். வேலை முடிஞ்சுது. நீங்க ஒரு தடவை பார்த்துட்டா..."

ஏட்டு பெருமையோடு தாளை நீட்டினார். ரெண்டு பக்கம். தம்பியின் கையெழுத்து, சாட்சி, முத்திரை... எல்லாம் கச்சிதம்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி.

ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"'வாக்குவாதத்தில் கை தவறித் தள்ளிவிட்டேன். பயத்தில் ஓடிவிட்டேன்'னு இருக்கு."

"ஆமாம்மா. அவன் வக்கீல் அப்படித்தான் எழுதணும்னார்..."

"பேனா குடுங்க."

ஏட்டு கொடுத்தார்.

அவள் முத்திரைக்குப் பக்கத்திலேயே, அழுத்தமாக எழுதினாள்.

'மறுக்கப்படுகிறது. ஐந்தாவது வரி பொய். அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் விடுபட்டிருக்கிறது. திருத்தி மறுபடி அனுப்பவும்.'

தாளை இன்ஸ்பெக்டரின் பக்கம் தள்ளினாள். எழுந்தாள். லாக்கப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

லாக்கப்புக்குள்ளிருந்து தம்பியின் ஈனக் குரல் வந்தது.

"என்ன சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டர் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"முதல்லயிருந்து எழுதச் சொன்னாங்க."

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"மேடம்... கடை சாத்தறதுக்குள்ள போயி ரெண்டு கட்டு வெள்ளைப் பேப்பர் வாங்கிட்டு வந்துடட்டுமா?"